‘இஸ்கூல்’ என்று சொன்னவர்களின் ஆங்கில வகுப்பு

நாங்கள் மூன்று பேர். மூவரும் தமிழ்நாட்டுச் சேரிகளில் பிறந்தவர்கள். அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நல விடுதி, மாவட்டத் தலைநகரின் கலைக்கல்லூரி என ஏறக்குறைய ஒரே வழியில் நடந்து, தைவானில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்யப் போய்ச் சேர்ந்தவர்கள். அங்கே ஆய்வகத்தில் செய்த வேலையைச் சொன்னால் எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் பெருமைப்படுவார்கள். இன்னொரு வேலையைச் சொன்னால் அவர்களில் சிலர் சிரிப்பார்கள். வாரத்தில் நான்கு மணிநேரம், அந்நாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் துணையாசிரியர்களாக இருந்து கற்றுக்கொடுத்தோம்.

சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எங்களில் ஒருவருக்கு இளநிலை முதலாண்டில் நடந்தது இது. எழுந்து தன்னைப் பற்றிச் சொல்லும்படி ஆங்கில ஆசிரியர் கேட்டார். தோழர் வாயில் ‘இஸ்கூல்’ என்று வந்தது. ‘இன்னொரு முறை சொல்’ என்றார் ஆசிரியர். மீண்டும் ‘இஸ்கூல்’. மூன்றாம் முறை சொல்லவைத்தபோது வகுப்பே சிரித்தது. ‘கோட்டாவில் வந்தால் இப்படித்தான்’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஆசிரியர் காதில் அது விழுந்தது. அவர் கண்டிக்கவில்லை, அடுத்த மாணவரை எழுப்பினார். அதன்பிறகு மூன்றாண்டுகள் அந்த வகுப்பில் எங்கள் தோழர் வாய் திறக்கவில்லை. தேர்வில் ஆங்கிலத்தில் முதல் வகுப்பு மதிப்பெண் வாங்கினார். வாய் மட்டும் பூட்டியே கிடந்தது.

மெய்யெழுத்து தனியே நின்று ஒரு சொல்லைத் தொடங்காது என்பது தமிழ் இலக்கணம். ஆகவே தமிழ் நாக்கு ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் ‘இ’யைச் சேர்த்துக்கொள்கிறது. ஸ்பானிய மொழி பேசுகிறவரும் ஆங்கிலம் பேசும்போது ‘எஸ்கூல்’ என்பார். அவர் சொன்னால் அது உச்சரிப்பு. சேரிப் பிள்ளை சொன்னால் அது தகுதிக் குறைவு.

வெளிநாடு போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் ஐஇஎல்டிஎஸ் ஒருமுறை எழுதப் பதினாறு, பதினேழாயிரம் ரூபாய் ஆனது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது இரண்டு மாதச் சாப்பாடு. நல்லவேளையாக, ‘பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கில வழியில் நடந்தது’ என்று கல்லூரி சான்று கொடுத்தால் போதும் என்றது எங்களை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம். கல்லூரி அலுவலகத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வகுப்பறையில் நடந்தது என்ன? பாடத்தைத் தமிழில் விளக்கினார்கள். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார்கள். நாங்கள் மனப்பாடம் செய்தோம். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூட எங்களைப் பழக்காத கல்லூரி, எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுத்ததாகக் கையெழுத்திட்டது. அந்தத் தாள் எங்களுக்கு உதவியது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அது பொய் என்பதையும் மறைக்கப்போவதில்லை.

தைவான் அரசு 2018இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2030க்குள் நாட்டை மாண்டரினும் ஆங்கிலமும் புழங்கும் இருமொழி நாடாக்க வேண்டும் என்பது குறிக்கோள். 2021இலிருந்து பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழிப் பாடங்களைக் கூட்டுவதற்குப் பணம் ஒதுக்கினார்கள். ஆங்கிலத்தில் பாடம் நடத்தினால் கேட்பவருக்குப் புரிய வேண்டும், அவர் வாய் திறந்து சந்தேகம் கேட்க வேண்டும். அதற்கு உதவியாக வெளிநாட்டு மாணவர்களை அழைத்தார்கள். வேலை அனுமதி பெற்ற வெளிநாட்டு மாணவர் வாரம் 20 மணிநேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம் என்பது அங்குள்ள விதி. நாங்களும் விண்ணப்பித்தோம்.

அறிவிப்பில் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்களுக்கு முன்னுரிமை’ என்றிருந்தது. அதாவது, ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவர்களுக்கு. அத்தனை பேர் கிடைக்காததால் எங்களை எடுத்துக்கொண்டார்கள். முன்னுரிமை பிறப்புக்கு. இந்த வாக்கியத்தின் பொருளை நம்மைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் யார்?

இது ஒரு பல்கலைக்கழகத்தின் பழக்கம் அல்ல. தென்கொரியாவில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பிக்கப் பெறும் விசாவுக்கு, சில விலக்குகள் தவிர, ஏழு நாடுகளில் ஒன்றின் குடியுரிமை இருக்க வேண்டும்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. இருந்தும் அந்தக் கடவுச்சீட்டு செல்லும். பிறவியிலேயே ஒரு மொழியைப் பேசுகிறவர்தான் அதைக் கற்பிக்கச் சிறந்தவர் என்ற எண்ணம் பொய் என்று ராபர்ட் பிலிப்சன் என்ற மொழியியலாளர் 1992இலேயே எழுதிவிட்டார். எழுதி என்ன? பிறப்பை வைத்துத் தகுதியை அளப்பது எங்கும் எளிதில் சாகாது.

வகுப்புக்குள் போனபோது பிலிப்சன் சொன்னதைக் கண்ணால் பார்த்தோம். எங்கள் மாணவர்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போது ‘ஹீ’ என்பார்கள். மாண்டரின் பேச்சில் அவனுக்கும் அவளுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலிதான், எழுத்தில்தான் வேறுபாடு. ‘நேற்று நான் போகிறேன்’ என்பதுபோல் எழுதுவார்கள். மாண்டரினில் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. ‘ஏ’, ‘தி’ இரண்டையும் எங்கே போடுவது என்று தவிப்பார்கள். ஆங்கிலத்தில் உள்ளதுபோல் தமிழிலும் அவை கிடையாது, நாங்களும் அதில் தவித்தவர்கள். எங்களுடன் அமெரிக்க மாணவர் ஒருவரும் துணையாசிரியராக இருந்தார். நல்ல மனிதர். ‘இந்த இடத்தில் ஏன் தி வருகிறது?’ என்று கேட்டால், ‘அப்படிச் சொன்னால்தான் காதுக்குச் சரியாக இருக்கிறது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது காதால் வந்தது. எங்களிடம் கேட்டால் விதியைச் சொல்வோம், அந்த விதி எங்கே காலை வாரும் என்பதையும் சொல்வோம். விழுந்து எழுந்தவருக்குத்தான் பள்ளம் எங்கே என்று தெரியும். கட்டுரை திருத்த மாணவர்கள் எங்களைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

அந்த மாணவர்களும் கூச்சப்படுகிறவர்கள்தான். தப்பாகிவிடுமோ என்று பேசாமல் இருப்பார்கள். ஆனால் ஒருவர் தப்பாகப் பேசினால், அவருடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று எங்கள் வகுப்பில் யாரும் யோசிக்கவில்லை. தப்பு, தப்பாக மட்டும் இருந்தது. அது யாருடைய பிறப்பையும் காட்டிக்கொடுக்கவில்லை. இதைப் பார்க்க நாங்கள் இத்தனை தொலைவு போக வேண்டியிருந்தது.

அங்கேயும் ஒருவர் சிரித்தார். அவர் இந்தியர்.

வளாகத்து இந்திய மாணவர்களின் தீபாவளி விருந்து. பெருநகரக் கான்வென்ட்டில் படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர், நாங்கள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறோம் என்று கேள்விப்பட்டு, ‘நீங்களா?’ என்றார். பிறகு, ‘எந்த ஸ்கூல்?’ அடுத்து, ‘எந்த மீடியம்?’ கடைசியாக, ‘ஊரில் எந்தப் பகுதி?’ கேள்வி மூன்றும் ஒரே கேள்விதான் என்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். ‘இவர்கள் பேசுவதைக் கேட்டு இந்தியர்களின் ஆங்கிலமே இப்படித்தான் என்று நினைத்துக்கொள்வார்கள்’ என்று பிற்பாடு வேறொருவரிடம் வருத்தப்பட்டாராம். நாட்டின் மானம் எங்கள் நாக்கில் போகிறதாம்! தைவான் மாணவர்களுக்கு அவருடைய உச்சரிப்பும் எங்களுடைய உச்சரிப்பும் ஒன்றுதான். இரண்டும் ‘இந்திய உச்சரிப்பு’. அவற்றுக்குள் உயர்வு தாழ்வு கண்டுபிடிக்க இந்தியக் காது வேண்டும். அதிலும் சாதியில் பழகிய காது வேண்டும்.

தைவானைச் சொர்க்கமாகக் காட்டுவது எங்கள் நோக்கமல்ல. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவார். பேச மாட்டார். அவர் அந்நாட்டுத் தொல்குடியைச் சேர்ந்தவர். அரசு ஏற்றுக்கொண்ட தொல்குடிகள் 16, மொத்த மக்கள்தொகையில் அவர்கள் நூற்றுக்கு இரண்டரைப் பேர் அளவில்தான். பல்கலைக்கழக நுழைவில் அவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. தங்கள் தாய்மொழித் தேர்வில் தேறியவர்களுக்கு அது 35 விழுக்காடு வரை போகும். ‘கோபத்தீ மூன்று ஜாங் உயரம் எரிகிறது’ என்று சீன மொழியில் ஒரு வழக்கு உண்டு. ஜாங் என்பது பழைய நீட்டல் அளவை. 2023 மே மாதம் தேசிய தைவான் பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களின் பதாகை ஒன்றில் அந்த மூன்றை 35 விழுக்காடு கூட்டி, ‘4.05 ஜாங்’ என்று எழுதியிருந்தார்கள். கூட்டிப்போட்ட மதிப்பெண்ணில் உள்ளே வந்தவர்கள் என்ற கேலி. நாடு முழுவதும் அது சர்ச்சையானது. எங்கள் கல்லூரிப் பின்வரிசையில் ஒலித்த ‘கோட்டா’ என்ற குரலை மாண்டரினில் எழுதி மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்த மாணவி எங்களோடு பேசினார். தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம் இருந்தது. பள்ளியில் மாண்டரின் தவிர வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அபராதம் போடுவார்கள், கழுத்தில் அட்டை மாட்டி நிறுத்துவார்கள். அவருடைய பாட்டி அப்படி அட்டை மாட்டி நின்றவர். ‘பாட்டிக்கு மாண்டரின் சரியாக வரவில்லை என்றார்கள். எனக்கு ஆங்கிலம் சரியாக வரவில்லை என்கிறார்கள்’ என்றார். நாங்கள் இடஒதுக்கீடு பற்றிச் சொன்னோம். ‘இஸ்கூல்’ கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். அந்தக் கதைக்கு எங்களை நோகடிக்காமல் சிரித்த முதல் ஆள் அவர். அடுத்த வாரம் முன்வரிசைக்கு வந்து, தன் மலைக்கிராமத்துத் தினை அறுவடைத் திருவிழா பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். ‘ஹீ’யும் ‘ஷீ’யும் இடம் மாறி மாறி வந்தன. நாங்கள் நடுவில் புகுந்து திருத்தவில்லை. முடித்த பிறகு இரண்டே தப்புகளைச் சொன்னோம். மற்றவை அடுத்த வாரத்துக்கு.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். ஆங்கிலம் இந்தியாவில் யாருக்கும் தொப்புள் கொடியோடு வந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1912இல் மாவட்ட முன்சீப்களில் 72.6 விழுக்காட்டினர் பார்ப்பனர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ மூன்று விழுக்காடு. தேவமொழி என்று தாங்கள் கொண்டாடியதை மடித்து வைத்துவிட்டு, மிலேச்சர் மொழி என்று இகழ்ந்ததை முதல் வரிசையில் போய்க் கற்றுக்கொண்டார்கள். கற்றதில் தவறில்லை. தாங்கள் கற்றுக்கொண்டவர்கள் என்பதை மறைத்துவிட்டு, பிறவித் திறமைபோல் பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்களே, அதுதான் மோசடி. முந்தி ஏறியவர் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு, கீழே நிற்பவரிடம் ‘உனக்கு ஏறத் தெரியவில்லை’ என்கிறார்.

மொழியை வைத்துக் கதவடைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது. அவர் பாரசீகம் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதே மனிதர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையோடு கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். 1916இல் அங்கே ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை படித்தார். 1920இல் ‘மூக்நாயக்’ இதழை மராத்தியில் தொடங்கினார். அரசிடமும் உலகத்திடமும் பேச ஒரு மொழி, தன் மக்களிடம் பேச ஒரு மொழி. எதற்காகவும் எதையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

‘தாய்மொழி போதும், ஆங்கிலம் அடிமைத்தனம்’ என்று நம்மிடம் மேடையில் சொல்லும் தோழர்களுக்கும் இதையே சொல்கிறோம். உங்கள் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்பதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். தமிழில் உயர்கல்வி வேண்டும் என்ற கோரிக்கையில் உங்களோடு நிற்கிறோம். அது வரும்வரை எங்கள் தங்கை நேர்காணல் அறையில் ஊமையாக நிற்க வேண்டும் என்றால் நிற்க மாட்டோம். ஆங்கிலம் கற்றவர் எல்லாரும் அதற்கு அடிமையாவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அங்குள்ள மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளையும் படங்களையும் எடுத்துக்காட்டுகிறார். புத்தகம் சொன்ன வாழ்க்கையை அவர்கள் அப்படியே விழுங்கவில்லை. ஓரத்தில் தங்கள் வாழ்க்கையை எழுதி வைத்தார்கள். நாமும் அப்படித்தான் கற்போம்.

எங்கள் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. விடுமுறையில் ஊர் வந்தபோது எங்களில் ஒருவர், தான் படித்த விடுதிக்குப் போனார். முதலாண்டுத் தம்பி ஒருவன் ஆசையாக ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கினான். இரண்டாவது வாக்கியத்தில் ‘இஸ்கூல்’ வந்தது. ‘ஸ்கூல், தம்பி’ என்று எங்கள் தோழர் திருத்தினார். நல்லெண்ணத்தில்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தம்பி ‘சரிண்ணா’ என்றான். அதற்குப் பிறகு அவன் தமிழில்கூடப் பேசவில்லை. மூன்றாண்டுகள் தன் வாயைப் பூட்டிவைத்த அதே பூட்டை எங்கள் தோழர் தன் கையாலேயே இன்னொருவன் வாயில் மாட்டிவிட்டு வந்தார். அன்றிரவு அவர் எங்களுக்குப் போன் செய்து அழுதார். இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு அந்தப் போன்தான் காரணம்.

அழுவதோடு நிற்க முடியாது. டெல்லி எய்ம்ஸ் கல்லூரியில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று அக்குழுவிடம் சொன்ன பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் 69 விழுக்காடு. நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரியிலேயே இந்த நிலை. ஒதுக்கீட்டில் இடம் கொடுத்துவிட்டோம், இனி உன் பாடு என்பதுதான் நம் கல்வி நிறுவனங்களின் எழுதப்படாத விதி. தைவான் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் பாடம் நடத்த முடிவு செய்ததும், அதைப் புரியவைக்கும் பொறுப்பு தன்னுடையது என்று உணர்ந்து ஆள் போட்டது, சம்பளம் கொடுத்தது. நம் கல்லூரி ஆங்கிலத்தில் தேர்வு வைக்கிறது. பொறுப்பை மட்டும் பிள்ளையின் பிறப்பு மேல் தள்ளிவிடுகிறது.

எனவே நாங்கள் கேட்பவை இவை. ஒவ்வோர் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதியிலும் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் ஆங்கிலம் பேசும் வகுப்பு வேண்டும். அதை நடத்த அதே விடுதியின் மூத்த மாணவர்களையே அமர்த்தி ஊதியம் கொடுக்க வேண்டும். பள்ளம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். உச்சரிப்பை வைத்து ஒரு மாணவரை வகுப்பில் இழிவுபடுத்துவதைப் பாகுபாடாகக் கருதி விசாரிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் கொண்டுவந்த விதிகளே கல்லூரிகளில் சமவாய்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்றன. உங்கள் கல்லூரியில் அது எந்த அறையில் இருக்கிறது என்று நாளைக்கே போய்க் கேளுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். போராட்டம் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.

வெளிநாட்டிலும் பெருநகரங்களிலும் இருக்கும் நம் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறோம். வாரத்தில் ஒரு மணிநேரம் கொடுங்கள். தைவானுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணிநேர வித்தியாசம்தான். ஞாயிறு இரவு எங்களுக்குப் பத்தரை மணி, விடுதிப் பிள்ளைகளுக்கு எட்டு மணி. இரவுச் சாப்பாடு முடித்து எட்டுப் பேர் ஒரு போனைச் சுற்றி உட்காருகிறார்கள். எங்கள் வகுப்பில் விதி ஒன்றே ஒன்று: பேசுகிறவர் முடிக்கும்வரை யாரும் திருத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது.

அந்தத் தம்பி முதல் நான்கு வாரம் வரவில்லை. எங்கள் தோழர் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஐந்தாவது வாரம் வந்தான். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன் பள்ளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ‘இஸ்கூல்’ என்றுதான் தொடங்கினான். கூரை இல்லாத கழிப்பறை, இரண்டு வகுப்புக்கு ஒரே வாத்தியார், மழை வந்தால் விடுமுறை என்று ஏழு நிமிடம் பேசினான். யாரும் குறுக்கிடவில்லை.

தோழர்களே, பேசுங்கள். தப்பாகவே பேசுங்கள். சிரிக்கிறவரை எழுப்பி, அவர் தாத்தா யாரிடம் கற்றார் என்று கேளுங்கள்.

ஜெய்பீம்.